அன்பினோன்ஸ்ட் இல்லாத மனு

என் கணவருக்கு இந்த வட்டாரத்தில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே 'டைப் சார்'. முதுகுக்குப் பின்னால் 'அன்பினோன்ஸ்ட்'. இரண்டாவது பெயர் தன் காதில் விழாத மாதிரியே நடந்துகொள்வார். பெண்டாட்டி நான் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் போதும், காது மடல் சிவந்து நடை கொஞ்சம் நிமிர்ந்துவிடும். மனிதருக்கு அதில் பெருமைதான்.

தொழில் மனு எழுதுவது. கட்டட அனுமதி அலுவலகத்துக்கு நேர் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் முன்பக்கம், ஷட்டர் இறங்கும் இடத்துக்கு ஒரு சாண் உள்ளே, இவருடைய மேசை. அந்தக் காலத்தில் தட்டச்சுப் பொறி வைத்திருந்தார். இப்போது கம்ப்யூட்டர். ஆனால் அந்தச் செய்தி விரல்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பழைய பொறியைக் குத்திய அதே குத்துதான். வருடத்துக்கு இரண்டு கீபோர்டு சாகிறது. அதிலும் முதலில் போவது 'டி' எழுத்து. அந்த வார்த்தை முடிகிற எழுத்து அதுதான். கடைசிக் குத்தை ஆசை தீரக் குத்துவார்.

அந்த வார்த்தை என்னவென்று சொல்லித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் கதை நகராது. தொழில் தொடங்கின புதிதில் நடைபாதைக் கடையில் ஓர் ஆங்கில அகராதி வாங்கினார். முதல் நாற்பது பக்கம் கிடையாது. அதனால் ஏ வரிசையில் பாதி வார்த்தைகளுக்கு இன்றுவரை அவருக்குப் பொருள் தெரியாது. ஆனால் கடைசிப் பக்கங்கள் பத்திரமாக இருந்தன. அங்கே 'அன்பினோன்' என்று ஒரு வார்த்தை. ஒருவர் அறியாமல் நடந்தது என்று பொருள். அதற்குக் கீழேயே, பொடி எழுத்தில், அதே வார்த்தைக்கு ஒரு வாலை ஒட்டி 'அன்பினோன்ஸ்ட்' என்று போட்டு, பொருள் அதேதான், அரிய வடிவம் என்று குறித்திருந்தார்கள். இவர் அந்த வாலில் விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னா சின்னதையே எழுதிட்டுப் போகலாமே? கீபோர்டாவது பிழைக்கும்," என்று ஒருமுறை கேட்டேன்.

"அது அப்படி இல்லம்மா. சின்னதை எழுதினா ஏதோ அவசரத்துல சொன்ன மாதிரி இருக்கும். வால் இருந்தா படிக்கிற ஆள் ஒரு நிமிஷம் நிப்பார். நின்னுட்டார்னா மனுவை முழுசா படிப்பார்."

"தெரியாதுன்னு நேரா சொல்லிட்டா என்ன?"

"தெரியாதுன்னா கோர்ட்ல நின்னு கையை விரிக்கிற மாதிரி. இந்த வார்த்தையைப் போட்டா, நடந்த காரியம் முன்னால நிக்கும், நாம ஒரு ஓரமா நிப்போம். ஆனா ஒண்ணு, யாருக்குத் தெரியாமன்னு பக்கத்துலயே சொல்லியாகணும். ஆள் இல்லாம இந்த வார்த்தை நிக்கவே நிக்காது."

இப்படியெல்லாம் பேசுகிற மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். கல்யாணமான புதிதில், இவர் தூக்கத்தில் 'அன்பி, அன்பி' என்று முனகியபோது என்னைத்தான் கொஞ்சுகிறார் என்று நினைத்து நான்கு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்த அனுமதி அலுவலகத்தில் கட்டட மனு எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். சுவர் ஓரடி தள்ளிப் போனவர்கள், பால்கனி பக்கத்து வீட்டு ஜன்னலை முட்டியவர்கள், தண்ணீர்த் தொட்டியை அடுத்தவர் எல்லையில் புதைத்தவர்கள், எல்லோரும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு இவர் மேசைக்கு வருவார்கள். இவர் எடுத்தவுடன் டைப் பண்ண மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர்கள் முகத்தை நேராகப் பார்த்து, "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பார். பதில் இவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் அந்த வார்த்தை விழும். இல்லாவிட்டால் சாதாரண மனுதான், வால் கிடையாது.

ஒருவர் முதல் மாடி முழுவதையும் அனுமதி இல்லாமல் எழுப்பிவிட்டு வந்து, தான் வெளியூரில் இருந்தபோது நடந்துவிட்டது என்றார். "ஏன் சார், ஒரு மாடி முழுக்க, படிக்கட்டோட, உங்களுக்குத் தெரியாமலா எழும்பும்? விளக்கெண்ணெய் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்," என்று எழுப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆள் நேராகப் பக்கத்து மேசைக்குப் போனார்.

பக்கத்து மேசைக்காரரும் மனு எழுதுகிறவர்தான். இவருக்கு இளையவர், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் வார்த்தையின் மேல் அவருக்கு ஒரு கண். அது ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்து, "அன்பினோன்ஸ்ட் ஐயா" என்று மனுவைத் தொடங்கி, "தங்கள் அன்பினோன்ஸ்ட் ஊழியன்" என்று முடித்துவிடுவார். முதல் மாடிக்காரருக்கு நடுவிலும் ஒன்று சேர்த்துப் போட்டார். மனு போன வேகத்தில் திரும்பி வந்தது.

வீட்டிலும் அதே சட்டம்தான். எங்கள் மகள் பள்ளியில் படிக்கும்போது, "அன்பினோன்ஸ்ட் டு மீ, கணக்குல மார்க் குறைஞ்சிடுச்சுப்பா," என்று வந்து நின்றாள். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "பரீட்சை எழுதினது நீ. உனக்குத் தெரியாம மார்க் எப்படிக் குறையும்? அந்த வார்த்தையைத் திருப்பிக் குடு," என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். மார்க் குறைந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்த வார்த்தைக்குப் பொருள் தெரியாது. தலைமை எழுத்தர் கேட்டதும் இல்லை. அவருக்கு அது முத்திரை. அந்த வார்த்தை ஒரே ஒரு தடவை இருந்தால் டைப் சார் விசாரித்து எழுதிய மனு, நம்பலாம், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். அவர் அலமாரியில் மனுக்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அட்டையில் தலைப்பு எழுதி வைத்திருக்கிறார். 'பெயர் மாற்றம்', 'அண்டை வீட்டார் தகராறு', 'வரைபடம் காணவில்லை', அதற்குப் பக்கத்தில் நான்கு பெரிய கட்டுகள் 'அன்பினோன்ஸ்ட்'. இவருடைய மனு எதைத் தேடினாலும் அங்கேதான் தேடுவார்கள். வால் இல்லாத மற்ற மனுக்களை மட்டும் எழுதியவர் யாரென்று பார்க்காமலே கண்ட கட்டில் சொருகிவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிறந்தநாளுக்கு, கிண்டலாக, அந்த வார்த்தையை இவருடைய நாற்காலி மெத்தை உறையில் நீல நூலால் பூவேலை செய்து கொடுத்தேன். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையின் ஒவ்வொரு வளைவும் என் ஊசி போன பாதை. எந்தக் காகிதத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

சரி, இனி என் கதை.

நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். பதினெட்டு வருடம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள சந்தில் மெஷின் போட்டுத் தைத்தேன். யாராவது குளிக்கப் போக வேண்டுமென்றால் நான் எழுந்து நாற்காலியை மடக்க வேண்டும். சாப்பாட்டில் நூல் வரும், சட்டையில் தாளித்த வாசனை வரும். ஜன்னல் கிடையாது, பகலிலும் ட்யூப் லைட்தான். அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு தடவை நாற்பது வெள்ளைச் சட்டைக்குச் சந்தன நிறப் பாக்கெட் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் வைத்துத் திட்டு வாங்கினேன். அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன், மொட்டை மாடியில் எனக்கு ஓர் அறை வேண்டும், இரண்டு பக்கமும் ஜன்னலோடு.

"கட்டலாம்மா. ஆனா அனுமதி வாங்கணும்," என்றார். முதல் தடவை.

"அனுமதி வர எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷம் ஆகும். சில சமயம் ரெண்டு." அது இரண்டாம் தடவை.

கொத்தனார் அந்த மாதம்தான் சும்மா இருந்தார். விட்டால் பிடிக்க முடியாது. பள்ளி திறக்க மூன்று மாதம்தான் இருந்தது. மூன்றாம் தடவை இவர் வந்து சொன்னபோது நான் சந்தில் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். "இந்தா பாரு, அனுமதி இல்லாம மாடியில கட்டினா இடிச்சிடுவாங்க. இன்னைக்குக் காலையிலதான் அதே விதியை ரெண்டு பேருக்கு டைப் பண்ணினேன். கேக்குதா?" என்றார்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் தலையைத் தூக்காமல் பெடலை வேகமாக மிதித்தேன். சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்று என்னையும் மெஷினையும் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

அறை பதினாறு நாளில் எழும்பியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே தகரக் கூரை, கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல். முதல் நாள் அங்கே மெஷினைப் போட்டு உட்கார்ந்து வெள்ளைத் துணியையும் சந்தன நிறத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு வேறாகத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை, அதை அவரிடமே சொன்னேன்.

இரண்டு மாதம்தான். அலுவலகத்து இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அளக்க வந்தவர், எங்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகாமல் நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டைப் சார் வீடுன்னு தெரியும்மா. மேல பார்க்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். மெஷின் சத்தம் கேட்டு நிமிர்ந்துட்டேன். பார்த்ததுக்கு அப்புறம் பார்க்கலைன்னு எழுத முடியாதே."

பத்து நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடிப்பு. என் மெஷினே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மேலே வெட்டிப் போட்ட துணி மலையாகக் கிடந்தது, இரண்டு பள்ளிக்கூடத்து வேலை. எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் தெருவில் ஒருவருக்கும் கவலை இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்தார். "என்ன அண்ணி நீங்க, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தவர் வீட்டுலயே இருக்கார். அந்த வார்த்தையைப் போட்டா முடிஞ்சுது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் போனது. மூன்றாம் நாள் போனது. ஐந்தாம் நாள் இவர் மேசைக்குப் போய்ப் பார்த்தால், ஊரார் மனுவெல்லாம் டைப் ஆகிறது, என்னுடையது மட்டும் வெறும் தாள்.

"என்னங்க, என்ன யோசனை? நம்ம வார்த்தையைப் போட்டு ஒரு தட்டு தட்ட வேண்டியதுதானே?"

"யாருக்குத் தெரியாமன்னு போடுறது?"

"உங்களுக்குத் தெரியாமன்னு போடுங்க."

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா என்ன? யார் வந்து பார்க்கப் போறா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேக்குற வேலையெல்லாம் வேணாம்! பதினெட்டு வருஷம் சந்துல கிடந்தேன். ஊர்ல இருக்கிறவங்க சுவரையெல்லாம் காப்பாத்தினீங்க, என் நாலு சுவருக்கு மட்டும் உங்களுக்கு வார்த்தை கிடைக்கலையா?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தாழ்ந்த குரலில், "வேற என்ன வேணும்னாலும் கேளும்மா," என்றார். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரர் அன்று சாயங்காலம் ரகசியமாக வீட்டுக்கு வந்தார். "அண்ணி, அண்ணன் எழுதலைன்னா நான் எழுதித் தர்றேன். எத்தனை போடணும், சொல்லுங்க. ஆறு?" என்றார். கும்பிட்டு அனுப்பி வைத்தேன்.

பத்தாம் நாள் காலையில் நானும் கூடவே கிளம்பிவிட்டேன். இவரை நம்பி விட முடியாது. கடையைத் திறந்தார், உட்கார்ந்தார், ஒரே மூச்சில் டைப் பண்ணினார். முழுப் பக்கம். தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததும் பிடுங்கிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன். மேலிருந்து கீழ் வரை தேடினேன். நான் நீல நூலால் தைத்த அந்த வளைவுகள் எங்கேயும் இல்லை.

"அது இல்லையே!"

"இருக்க வேண்டியது இருக்கு. வா, நேரமாச்சு."

மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் மனு வாங்கும் நேரம் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

தலைமை எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார். முன்னால் படித்தார், பின்னால் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு இவரை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. இது உங்க மனு இல்ல."

"என் மனுதான்."

"முப்பது வருஷமா உங்க மனுவைப் பார்க்கிறேன். எங்க சார் அந்த வார்த்தை? உங்க சொந்த வீட்டு மனுவுல அது இல்லாம இருக்குமா? உங்க வீட்டை இடிக்கணும்னே யாரோ உங்க பேர்ல எழுதியிருக்காங்க. நான் இதை வாங்க மாட்டேன்."

"நான்தாங்க டைப் பண்ணினேன். இதோ, இவ பக்கத்துலயே நின்னா."

தலைமை எழுத்தர் என்னைப் பார்த்தார். இது இவருடைய மனு இல்லை என்று சொன்னால் அறை பிழைக்குமா, போகுமா என்றே எனக்குப் புரியவில்லை. மணி பதினொன்றே முக்கால். "இவர்தான் சார் எழுதினார். புத்தி இல்லாமத்தான் எழுதினார், ஆனா இவர்தான் எழுதினார்," என்றேன்.

அதற்கும் அவர் மசியவில்லை. ஆள் அனுப்பிப் பக்கத்து மேசைக்காரரை வரவழைத்தார். அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"உண்மையைச் சொல்லும். இதை எழுதினது நீர்தானே?"

பக்கத்து மேசைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சத்தியமா நான் இல்ல சார்! நான் எழுதியிருந்தா அந்த வார்த்தை நாலு தடவையாவது வந்திருக்குமே!"

அறையில் இருந்த எல்லோருக்கும் அது சரி என்று பட்டது. தலைமை எழுத்தருக்கும் பட்டது. ஆனால் அவருக்கு இப்போது வேறு கவலை. அலமாரியைத் திறந்து கட்டுகளைக் காட்டினார். "சரி, உங்களோடதுன்னே வச்சுக்குவோம். எந்தக் கட்டுல வைக்கிறது? அந்த வார்த்தை இல்லாம உங்க கட்டுல வைக்க முடியாது. மத்த கட்டுல வச்சா நாளைக்குத் தேடினா கிடைக்காது. கட்டு இல்லாத மனுவை நான் பதிவுல ஏத்த முடியாது. சார், உங்க காலைப் பிடிக்கிறேன், கீழ ஒரு மூலையில, பென்சில்லயாவது அந்த ஒத்தை வார்த்தையை எழுதிடுங்க."

பென்சிலை நீட்டினார். நான் இவர் முகத்தையே பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. பொருள் தெரிந்தவர் இந்தக் கட்டடத்திலேயே ஒருவரும் இல்லை. இவர் பென்சிலைத் தொடவில்லை. "அது இந்த மனுவுக்குச் சேராதுங்க," என்றார். என் அறையின் தகரக் கூரை என் கண் முன்னாலேயே பறந்து போனது. ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, நானே அதை எழுதிவிடலாம் என்று பென்சிலுக்குக் கையை நீட்டியும் விட்டேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை.

இந்தக் களேபரத்தில் உள் அறைக் கதவு திறந்து அதிகாரி மேடம் வெளியே வந்தார். மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. என்ன சத்தம் என்று கேட்டு, தாளை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"தெரிஞ்சேதான் கட்டினீங்களா?"

"ஆமா மேடம்."

"எந்த விதின்னும் தெரியுமா?"

"பதினாலாவது விதி, மூணாவது உட்பிரிவு. கொத்தனாருக்குப் போன் போட்ட அன்னைக்குக் காலையிலகூட ரெண்டு பேருக்கு டைப் பண்ணினேன்."

"அப்புறம் எதுக்குக் கட்டினீங்க?"

இவர் என்னைக் கையால் காட்டினார். "அவ ஜன்னல் கேட்டா மேடம். பதினெட்டு வருஷத்துல கேட்டது அது ஒண்ணுதான்."

அடப் பாவி மனிதா, இதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் நடுத்தெருவில் கத்தியிருக்க மாட்டேனே! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எனக்காகவும் சேர்த்து மூக்கை உறிஞ்சினார்.

மேடம் விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். அறியாமல் கட்டியவருக்கு எச்சரிக்கை. மறைத்துக் கட்டியவருக்கு இடிப்பு. அறிந்தே கட்டிவிட்டு, அறிந்தேதான் கட்டினேன் என்று தானாக எழுதிக்கொண்டு வந்து நிற்கிறவருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அப்படி ஒருவர் வருவார் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை.

"நான் முடிவு பண்ண முடியாது. தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் யாரும் அந்த அறை மேல கை வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தலைமை எழுத்தர் பெருமூச்சு விட்டு ஒரு புது அட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்து, மேலே 'தெரிந்தே' என்று எழுதி, அந்த ஒரே தாளை அதற்குள் வைத்து நாடாவால் கட்டினார். மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம்.

பதில் இன்னும் வரவில்லை. எங்கள் மகள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். அந்த மேடமும் மாற்றலாகிப் போய்விட்டார். கட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறதாம், இரண்டாவது தாள் ஒன்று இதுவரை சேரவில்லையாம். அறை நிற்கிறது, இதோ அதில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் முத்திரை குத்தித் தந்த நகலை அவளிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். இவர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசித்து வாசித்துச் சொன்னாள். விதியை அறிந்தே கட்டினேன். கொத்தனாரை அழைத்தது நான். தவறு முழுவதும் என்னுடையது. கடைசி வரிக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"'என் மனைவிக்கு இந்த விதி தெரியாது'ன்னு போட்டிருக்கீங்க. ஏம்பா, அம்மாவுக்குத் தெரியாதுன்னா இங்கேயாவது உங்க வார்த்தையைப் போட்டிருக்கலாமே? அந்தத் தலைமை எழுத்தர் அங்கிளுக்கும் கட்டு கிடைச்சிருக்கும். ஏன் சாதாரணமா தெரியாதுன்னு எழுதினீங்க?"

"அது நிஜமாவே தெரியாதவங்களுக்கும்மா," என்று சொல்லிவிட்டுக் காபியைத் தொடர்ந்து குடித்தார்.

மகளுக்குப் புரியவில்லை, தாளை மடித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. எனக்காகப் பொய் எழுதியிருக்கிறார் இந்த மனிதர். அந்த வார்த்தையை மட்டும் பொய்க்குக் கொடுக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்? மெஷின்தான் ஓடிட்டு இருந்துச்சே?"

"ஓடுச்சு. ஊசியில நூல் இல்லையே."

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, மேலே போய் ஊசியில் நூலைக் கோத்தேன்.